நாலு போதும்

பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் சொல்லுங்கள் என்றார்
டாக்டர் இபாகாச்சே.
பகலுக்கா, ராத்திரிக்கா?
ராத்திரி ஒன்பது.
போர்வை பட்டாலே பாதம் அடுப்பாகிறது.
ஆப்பிள் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துக்
கால்மாட்டில் வைத்திருக்கிறேன்,
துணி தொடாமலிருக்க.
நிபால்தோ அதைக் கூடாரம் என்கிறான்.
சோபாவில் போய்ப் படுக்கிறான்.

கண்ணை மூடச் சொல்லி ஊசியால் தொட்டார்.
தொட்டாரா?
எரிகிற காலுக்கு ஊசி தெரியவில்லை.
இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்ல.

முதல் மாத்திரை தூக்கம் தந்தது,
விடிந்த பிறகும் தந்தது.
வால்பரைசோவில் பத்தொன்பது வருஷம்,
மேலே இரண்டு கம்பி, கீழே நான்.
அன்று சந்தை நிறுத்தம் வந்ததும் தெரியாது
போனதும் தெரியாது,
பின்னாலிருந்து ஒரு கிழவர் கத்தும் வரை.
மதியமே டெப்போவில் லீவு எழுதிக் கொடுத்தேன்.

அடுத்ததில் வலி ஆறுக்கு இறங்கியது,
கணுக்காலில் நீர் ஏறியது.
படிக்கட்டில் எதிர்ப்பட்டவள் பெயரை
மூன்றாம் மாடி வரை தேடினேன்.
பக்கத்து வீட்டுக்காரி. ஒர்தென்சியா.

பிறகு மிளகாய்க் களிம்பு.
எரிகிற காலுக்கு மிளகாயா? சிரித்துவிட்டேன்.
கத்திக் கத்தி நரம்பு ஓயும் என்றார்.
எனக்கு முன்னால் அது ஓயவில்லை.
தடவிய கையால் கண்ணைத் தொட்டேன்,
அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மிச்சம் ஒரு கேப்சூல்.
மனச்சோர்வுக்கும் தருவதுதான் என்றார் தயங்கி.
எனக்கென்ன சோர்வு? கோபம்தான்.
முதல் வாரம் குமட்டும். வியர்க்கும்.
வலி முழுக்கப் போகாது,
பாதி போனால் அதிர்ஷ்டம்.

முழுக்க எடுப்பது எது என்று நான் கேட்கவில்லை டாக்டர்,
பிரேக்கை எனக்கு விட்டுவைப்பது எது?

பேனாவை மூடினார்.
நாலு வந்தால் ஓட்டுவீர்களா?
நாலு போதும் என்றேன்,
சந்தையில் பேரம் முடிக்கிற குரலில்.

குமட்டியது. வியர்த்தது.
ஐந்தாம் வாரம் டெப்போவில்
காலி பஸ்ஸில் ஏறினேன்,
மேற்பார்வையாளன் காயெதானோ பக்கத்தில் நிற்க.
சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி ஒரு சாண்.
மறுபடி என்றான்.
மறுபடி.
ஏழாவது தடவை கோட்டின் மேலேயே நின்றது.
செருப்புக்குள் கால் எரிந்துகொண்டுதான் இருந்தது,
ஆனால் பெடல் எங்கே என்று அதற்குத் தெரிந்திருந்தது.

இப்போது நாலு. மழை வந்தால் ஐந்து.
பெட்டியை இன்னும் எடுக்கவில்லை.
நேற்று ராத்திரி நிபால்தோ வந்து
அதற்குள் தன் காலையும் நீட்டிப் பார்த்தான்.
குளிர்கிறதே என்றான்.