இரண்டு அச்சு, ஒரு வண்டி

செவ்வாய் காலை
சாலைக்குக் குறுக்கே கறுப்பாக ஒன்று.
செத்த பாம்பென்றுதான் பிரேக் பிடித்தேன்.
இல்லை, ரப்பர் குழாய்.
அதன் வால்
பீச் மரத்தோடு சங்கிலி போட்டுப் பூட்டிய
தகரப் பெட்டிக்குள் போகிறது.

எண்ணுகிறார்களாம்.
ஊர்மன்றத்து கிஸ்லேன் சொன்னாள்:
நாளைக்கு நாற்பது வண்டிக்குக் கீழே என்றால்
இனி இந்தச் சாலைக்குத் தார் கிடையாது,
குழி விழுந்தால் விழுந்ததுதான்.

நாற்பதா!
காலையில் தபால்காரியின் மஞ்சள் வேன்.
ஆர்மெலின் டிராக்டர், போக ஒன்று வர ஒன்று.
வியாழனன்று ரொட்டி வண்டி.
ஆகஸ்டில்
வழி தவறிய டச்சுக்காரர்கள்,
மடியில் வரைபடமும் முகத்தில் சண்டையுமாக.

இருபத்தாறு வருஷம்
இதே சாலையில் பால் டேங்கர் ஓட்டினேன்.
பாலத்திலிருந்து வால்ரெமி மாதா கோயில் வரை
பதினொரு நிமிஷம்.
அவ்வளவுதான் எனக்கு இந்தச் சாலை.
மேடு என்று ஒன்று இங்கே இருப்பதை
டேங்கர் எனக்குச் சொன்னதேயில்லை.

இப்போது நெஞ்சுக்குழாயில் ஒரு கம்பிச்சுருள்.
லைசென்ஸ் போய்விட்டது.
மருமகன் விட்டுப்போன சைக்கிள்,
எனக்கு ஒரு சாண் நீளம் கூடுதல்.
பதினொரு நிமிஷம்
ஒரு மணி நேரமாகிவிட்டது.

மூச்சு வாங்கும் இடத்தில் காலூன்றினால்
வேலிக்கு அப்பால் செம்பழுப்புப் பசுக்கள்
ஒவ்வொன்றாக நெருங்கி வந்து நிற்கின்றன,
பழைய பாக்கியைக் கேட்க வந்தவைபோல.
செயின் ஓசை. ஈரமான வைக்கோல் வாசம்.
எங்கோ ஒரு கதவு.
அது சாத்தப்படுவதற்கும்
அடுத்த சத்தத்துக்கும் இடையே
ஒரு மேட்டையே ஏறி முடித்துவிடலாம்.

மூன்றாம் வளைவில் இரும்புச் சிலுவை.
இடது கை கொஞ்சம் பின்னால் மடங்கியிருக்கும்.
என் கண்ணாடி இடித்தது.
தொண்ணூற்றேழு, பிப்ரவரி, உறைபனி.
நிறுத்தவில்லை.
நிறுத்திப் பார்க்க இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.
துருவில் ஒரு நத்தை
மடங்கிய இடத்தை மெதுவாகக் கடந்துகொண்டிருந்தது.

புதன் விடிவதற்குள் குழாயிடம் போனேன்.
டப்-டப்.
இரண்டு அச்சு, ஒரு வண்டி.
திரும்பினேன். டப்-டப்.
இந்தச் சாலை வெறிச்சோடியே கிடக்கவேண்டும்,
அதற்காகத்தான்
இங்கே ஊர்வலமே நடப்பதாகப் பொய் சொல்கிறேன்
ஒரு தகரப் பெட்டியிடம்.
டப்-டப்.
ரொட்டி வாங்கப் போவதற்குள் முப்பத்தெட்டு.
டாக்டர் சொன்ன அளவைத் தாண்டியாகிவிட்டது.

வெள்ளியன்று ஆர்மெல் பார்த்துவிட்டான்.
இன்ஜினை அணைத்தான்.
ஒரு சிகரெட் எரிந்து தீரும்வரை
என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
ஒரு வார்த்தை இல்லை.
பிறகு டிராக்டரை உயிர்ப்பித்து
குழாய்மேல் ஏற்றினான்.
பின்னால் வந்தான்.
மறுபடி ஏற்றினான்.
அவனுக்கும் எனக்கும்
எல்லைக்கல் விவகாரத்தில் ஒன்பது வருஷமாகப் பேச்சில்லை.
இப்போதும் இல்லை.

அடுத்த செவ்வாய்
ஆரஞ்சு அங்கி போட்ட பெண் வந்து
பெட்டியைத் திறந்தாள்.
திரையை விரலால் தள்ளிக்கொண்டே போனாள்.
“ஒரே மீட்டர் இடைவெளியில் இரண்டு அச்சு.
முந்நூற்றுப் பன்னிரண்டு தடவை.
பெரும்பாலும் விடியற்காலை.
இது எந்த மாதிரி வண்டி, ஐயா?”

சைக்கிளை மரத்தில் சாய்த்திருந்தேன்.
கால்சட்டையின் வலது முனை
இன்னும் காலுறைக்குள்தான் இருந்தது.

பால் லாரி என்றேன்.

அவள் என் காலைப் பார்த்தாள்.
ஏதோ எழுதினாள். காட்டவில்லை.
குழாயைச் சுருட்டி வேனில் போட்டுக்கொண்டு
பாலத்துப் பக்கமாகப் போனாள்.
அன்றைக்கு நான் பார்த்த மூன்றாவது வண்டி.

தாரில் இரண்டு ஆணித் துளைகள் மட்டும்.
மறுநாள் அதைக் கடக்கையில்
உள்ளங்கை தானாக இறுகியது
டப்-டப்புக்காக.

வரவில்லை.
மேடு வந்தது.