விடிஞ்சா சொல்வாங்க

தங்கச்சிமடத்தில் எங்கள் வீட்டுக்குள்
சிக்னல் ஒரு கோடுதான்.
குருசடிக்குப் பின்னால் மணல்மேட்டில் ஏறினால் மூன்று.
அதனால் அந்த ஞாயிறு இரவு
பிரிஸ்கா, அவள் மாமியார்,
இன்னும் நாலு வீட்டுப் பெண்கள்
எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள்.
நானும்.

அவர்கள் லெயோனின் விசைப்படகுக்காக.
சனிக்கிழமை டோக்கன் வாங்கிப் போனது
விடிந்து, வெயிலேறி, இருட்டியும் வரவில்லை.
நான் விடுப்பில் வந்தவள்;
ஆனாலும் இந்த வாரம் என் முறை.
வானத்தில் எந்த மூலையில் காமாக்கதிர் வெடித்தாலும்
செயற்கைக்கோள் முதலில் எழுப்புவது என்னைத்தான்.

வாடை மணலை அள்ளி முழங்காலில் அடித்தது.
என் கைப்பேசி இரண்டு முறை
'இலங்கைக்கு நல்வரவு' என்றது.
யாருக்கும் காட்டவில்லை.

இரண்டு நாற்பத்தாறுக்கு அது அலறியது.
ஆறு முகங்கள் என் கைக்குத் திரும்பின.
பிரிஸ்கா எழுந்தே விட்டாள்,
மடியில் தூங்கிய மகளோடு.
ஒரு கால் செருப்பு எங்கோ இருட்டில் உருண்டது.
"என்னவாம்?"

என்னிடம் இருந்தவை ஓர் எண், இரண்டு கோணங்கள்,
நாற்பத்தொரு நொடி நீண்ட ஒரு கோடு:
செங்குத்தாய் ஏறி, ரம்பப் பல்லாய் இறங்கி, அடங்கியது.
"இது இல்லக்கா" என்றேன்.
"இது வேற."

வேற என்றால் என்ன என்று
சொல்லாமல் உட்கார முடியாது இனி.
சூரியனைப் போல முப்பது மடங்கு பெரிய நட்சத்திரம்,
எரிக்க ஒன்றும் மிச்சமில்லாமல்
தன்மேல் தானே இடிந்து விழுந்திருக்கிறது.
விழுந்த வேகத்தில் இரண்டு துருவத்திலும் பீறிட்டதில்
ஒன்று நம்மை நேராகப் பார்த்திருந்தது.
கொஞ்சம் சாய்ந்திருந்தால் நமக்குச் செய்தியே இல்லை.

"எம்புட்டுத் தூரம்?"
"இன்னும் தெரியாது. விடிஞ்சா சொல்வாங்க."
மாமியார் சிரித்தாள்.
"மீன்துறை ஆபீசுலயும் இதத்தான் சொன்னான்."

கோணங்களை அனுப்பினேன்.
தென்னாப்பிரிக்காவின் வறண்ட மேடொன்றில்
ஒரு தொலைநோக்கி கழுத்தைத் திருப்பியது.
பதினோராம் நிமிடம் ஒரு மங்கல் புள்ளி.
நேரம் இரட்டித்தால் ஒளி பாதியாகும்;
அதுதான் இவற்றின் வழக்கம்.
பிரிஸ்கா நேரம் ஆக ஆக
இன்னும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

மேற்கே திருவாதிரை சிவப்பாய்ச் சாய்ந்திருந்தது.
அதுவும் ஒருநாள் வெடிக்கும் என்று
சொல்ல வாயெடுத்தேன். விட்டுவிட்டேன்.

ஐந்தரைக்கு என் விடை வந்தது:
நூற்று எழுபது கோடி ஒளியாண்டு.
பிரிஸ்காவின் விடை வர மாலை நாலே கால்:
தலைமன்னாருக்கு அந்தப் பக்கம், ஏழு பேர்,
மன்னார் கோர்ட்டு,
பதினான்கு நாள் காவல்.
இங்கிருந்து பதினெட்டு மைல் இருக்குமா?
கணக்குப் போடாதே என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

ஐஸ் கம்பெனி காலண்டரில்
பிப்ரவரி இரண்டை அவள் வட்டமிட்டாள்.
"ஒனக்கு எப்பத் தெரியும், ஒன்னோடது?"

கேட்பாள் என்று நினைக்கவில்லை.
மங்கிக்கொண்டே போகும் அந்தப் புள்ளிக்கு அடியில்
சூப்பர்நோவா இருந்தால்
மெல்ல ஏறி, இரண்டு வாரத்தில் உச்சம் தொடும்.
மங்கலிலிருந்து மறுபடி ஒரு வெளிச்சம்.
எழும்பாமலே போனவையும் உண்டு,
அவற்றுக்கு இன்றுவரை யாரும் சரியாகக் காரணம் சொல்லவில்லை.
இதில் பாதியைத்தான் அவளிடம் சொன்னேன்.

பேனாவை வாங்கி அடுத்த கட்டத்தில்,
செவ்வாயில், ஒரு புள்ளி வைத்தேன்.
மை வரவில்லை. அழுத்தியதில் தாள் கிழிந்தது.
"சரி, தெரியுது" என்று பேனாவைப் பிடுங்கிக்கொண்டு
படகு முதலாளி வீட்டுக்கு வேகமாய் நடந்தாள்.

மணல்மேட்டில் அவள் மகள்
ஒற்றைச் செருப்போடு நொண்டி நொண்டி
இன்னொன்றைத் தேடிக்கொண்டிருந்தாள்.
நானும் போய்க் குனிந்தேன்.