பதினேழாம் எண் கோப்பை

டொலீடோவில் பனி இறுகிக் கிடந்த ஒரு செவ்வாய்க்கிழமை
லொரெட்டா ஷிமான்ஸ்கி
ஆரஞ்சுச் சாற்றை ஒரே மூச்சில் குடித்தாள்.
கோப்பையின் அடியில் பதினேழு என்ற எண்.
அதில் அந்த உப்பு உண்டா, வெறும் சாறா
அவளுக்குத் தெரியாது.
ஊற்றிக் கொடுத்த எனக்கும் தெரியாது.
தெரிந்த ஒரே காகிதம்
மேல்மாடி இரும்புப் பெட்டிக்குள், அரக்கு வைத்து.

இருபது நிமிடத்தில் பிடரியைப் பிடித்துக்கொண்டாள்.
"ஆரம்பிச்சிடுச்சு. நான் சொல்லல?
அந்தச் சீனக் கடைக்குப் போனா இதேதான்."
சொல்லிவிட்டு
என் முகத்தைப் பார்த்தாள்,
அவசரமாகச் சன்னலைப் பார்த்தாள்.

குறித்துக்கொண்டேன்: பிடரி வலி, கன்னத்தில் சூடு,
நாடி தொண்ணூற்றாறு.
நாடிக்கு நடிக்கத் தெரியாது.

அந்தக் கடை என் அப்பாவுடையது.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
கடைக் கண்ணாடியில் சிவப்பில் எழுதியிருக்கும்:
'அஜினமோட்டோ சேர்ப்பதில்லை.'
எழுதியவனுக்குக் கூலி
முப்பது டாலரும் இரண்டு தட்டு நூடுல்ஸும்.
அன்றிலிருந்து அப்பா
காய்ந்த காளானை இரட்டிப்பாகப் போடுகிறார்,
தக்காளியைச் சுண்டக் காய்ச்சுகிறார்.
அந்த ருசி அங்கேயும் அதேதான்.
தாய்ப்பாலிலும்.

மே மாதம் அரக்கை உடைத்தார் டாக்டர் ஹால்வர்சன்.
பதினேழு, வெறும் சாறு.
நாற்பத்தொன்று,
அதாவது அவள் கம்பளிக் காலுறை பின்னிக்கொண்டே
பேருந்து எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்ட நாள்,
அதில்தான் ஐந்து கிராம்.
உப்பே தின்னாமல்
தண்ணீர் குடித்திருக்கிறாள் லொரெட்டா.

அறுபத்துநாலு பேரில் இரண்டு பேருக்கு
கோப்பையும் வலியும் பொருந்தின.
மறுபடி கொடுத்தோம்,
பொருந்தவில்லை.

கடிதம் கிடைத்ததும் நேரிலேயே வந்துவிட்டாள்.
"அப்ப நான் பொய் சொன்னேனா?"
"இல்லை. வலித்தது. நாடி எழுதி வைத்திருக்கிறேன்."
"பின்னே எங்கேயிருந்து வந்தது அது?"
எனக்குத் தெரிந்த ஒரு பதில் இருந்தது.
வாசலில் அவள் என்னைப் பார்த்த பார்வை அதில் இருந்தது.
சொல்லவில்லை.

அப்பாவிடம் கேட்டேன், அந்த எழுத்தைச் சுரண்டிவிடலாமா என்று.
"வாடகையை யார் தருவது? உன் டாக்டரா?"
என்று வெங்காயத்தாள் நறுக்கப் போய்விட்டார்.

லொரெட்டா அன்று உடனே போகவில்லை.
பேருந்து வரும்வரை
கைப்பையிலிருந்து சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்தாள்.
அதன் முதுகில் பொடி எழுத்து.
தலைகீழாகவே படித்துவிட்டேன், ஏழாவது வரி.
"எடுத்துக்கோ," என்று நீட்டினாள்.
எடுத்துக்கொண்டேன்.
கொஞ்ச நேரம் இருவரும்
பேசாமல் விரல் நக்கிக்கொண்டிருந்தோம்.