இடப்பக்கம் 0,3

ஓசூர் சிப்காட்டில் தகரக் கூரைக்குக் கீழே
வந்து இறங்கியது
ஐம்பத்தெட்டாம் வருடத்து ஜெர்மன் கிரைண்டர்.
செகண்ட் ஹேண்ட்.
முனிரத்தினம் சார் கற்பூரம் காட்டி
எலுமிச்சம்பழம் நசுக்கி
சந்தனப் பொட்டு வைத்த மறுநாளே
நடுங்கத் தொடங்கியது.

டூல் பெட்டியின் அடித்தட்டில்
கிரீஸ் காய்ந்த துணிக்கு அடியில்
நீலத்தாள் உறை ஒன்று.
முள்முள்ளான பழைய அச்சில்
இரும்புச் சிலுவை, இரண்டாம் வகுப்பு.
அதன் கீழே பென்சிலில் யாரோ.
பதக்கம் இல்லை.
மூன்று தகட்டுத் துண்டுகள் கிடந்தன.
குப்பையென்று ஒதுக்கி வைத்தேன்.

எட்டு மாதம் ஞாயிறுதோறும்
பெங்களூர் பஸ் பிடித்துப் படித்த ஜெர்மன் என்னுடையது.
ரயில் எத்தனை மணிக்கு, எனக்குப் பசிக்கிறது,
என் தங்கை தபால் நிலையத்தில் வேலை செய்கிறாள்.
அதற்கு மேல் போகாது.
இந்த எழுத்தோ
மழையில் சாய்ந்த கேழ்வரகாய்
மொத்தமும் ஒரே பக்கம் படுத்திருக்கிறது.
'எ'வும் 'ன'வும் அதே இரண்டு கீறல்.
'உ'வுக்கு மட்டும் தலைமேல் ஒரு கொக்கி.

மெடிக்கல் நயாஸிடம் காட்டினேன்,
எந்த டாக்டர் கிறுக்கலும் அவனுக்குத் தப்பாது.
டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தான்.
"சாப்பாட்டுக்கு அப்புறம் மூணு வேளை, மேடம்.
ஆனா ஸ்டாக் இல்ல."

நான்காம் இரவு ஒரு சொல் பிடிபட்டது.
லிங்க்ஸ். இடப்பக்கம்.
ஆறாம் இரவு அடுத்தது.
கெஃபாலன். வீழ்ந்தான்.

இடப்பக்கம் வீழ்ந்தான்.

விளக்கை அணைக்கவில்லை நான்.
பாகலூர் ரோட்டில் ஒரு நடுகல் உண்டு,
லாரிகள் ஹாரன் அடித்துத் திரும்பும் வளைவில்.
கையில் வில், விலாவில் அம்பு.
இடது விலாதான்.
மாடு மீட்டுப் பட்டான் என்று முடியும் எழுத்தைப்
பாதி சுண்ணாம்பு மூடியிருக்கும்.
அவனுக்கும் இவனுக்கும் நானே உறவு வைத்தேன்.
இவனுக்கு இருபது வயது கொடுத்தேன்.
ஒரு அம்மாவையும்.
அவள் மடித்த கோடு இது என்று
உறையைத் தடவிப் பார்த்தேன்.

காலையில் திம்மராயன்
கை துடைத்தபடி வந்தான்.
"எத்தன தடவ செட் பண்ணாலும்
இடது பக்கம் விழுது மேடம்.
பாயின்ட் மூணு.
டயல் வெச்சே பாத்துட்டேன்."

விழுது.

டீ ஆறியது.
மறுபடி லென்ஸுக்குக் கீழே உறை.
ஈ எச்சம் என்று நான் விட்டது
ஓர் எழுத்தின் புள்ளி.
அம்மாவின் மடிப்பு என்று விட்டது
கடைசி எழுத்தின் குறுக்குக் கோடு.
கெஃபாலன் அல்ல, கெஃபைல்ட்.
அராவியது.
அரத்தால், கையால்.
இடப்பக்கம். அராவியது. 0,3.
தூக்கிப் போடாதே.

"ஷிம்மு, மேடம்!"
மைக்ரோமீட்டரின் தாடைக்குள்
மூன்றும் பாயின்ட் மூணு காட்டின.
ஒன்றின் முகத்தில்
அரம் ஓடிய வரிகள், மிக நெருக்கமாக,
அவசரப்படாத ஒருவன் ஓட்டியவை.

திம்மராயன் ஒன்றைச் செருகி
நான்கு போல்ட்டையும் இறுக்கினான்.
கூலன்ட் பாலாக வழிய
சக்கரம் இறங்கி ஏறியது.
எடுத்த துண்டில்
கூரை விளக்கு வளையாமல் விழுந்தது.

சாகாத அந்த ஆளைப் பற்றி
எனக்கு ஒன்றும் தெரியாது.
பதக்கம் அவனுடையதா,
விற்றுவிட்டானா,
உறை மட்டும்தான் உபயோகமாகத் தோன்றியதா.
நான் கொடுத்த இருபது வயதைத்
திரும்ப வாங்கிக்கொண்டேன்.
அந்த அம்மாவை என்ன செய்வதென்றுதான்
இன்னும் தெரியவில்லை.

ஷிப்ட் மணி அடித்தது.
பென்சில் வரிக்குக் கீழே
பால்பாயின்ட்டில் கிறுக்கினேன்.
ஒன்று எடுத்தது. இரண்டு மீதி.
அவசரத்தில்
புள்ளி வைக்க மறந்த எழுத்து
இரண்டு மூன்று இருக்கும்.