நாற்பதுக்கும் எழுபதுக்கும் நடுவே

எண்டெல் முப்பத்தோரு குளிர்காலம்
கடல்மேல் சாலை போட்டவர்.
ரோஹுக்யூலா துறைமுகத்திலிருந்து ஹீயுமா தீவுவரை
இருபத்தாறு கிலோமீட்டர், அடியில் தண்ணீர்.
துளையிட்டு, கம்பி இறக்கி, அளந்து
இருபத்திரண்டு சென்டிமீட்டர் இருந்தால்தான் திறப்பார்.
பெல்ட் போடாதே.
நாற்பதுக்கும் எழுபதுக்கும் நடுவே ஓட்டாதே.
அந்த வேகத்தில் வண்டி
தனக்குக் கீழே ஓர் அலையைக் கிளப்பும்,
அலை கூடவே ஓடும், வளரும்.
பாரத்தால் உடைந்ததைவிட
அலையால் உடைந்ததே அதிகம் என்பார்.

போன மார்ச்சில் அவர் வலது இடுப்பெலும்பில் ஒரு துளை.
தார்த்து ஆஸ்பத்திரியில் டாக்டர் கிர்கே
படத்தை வெளிச்சத்தில் மாட்டினார்.
"எத்தனை சென்டிமீட்டர்?"
கேட்டது அவர்தான், நானல்ல.

பிறகு இரவுகள்.
போர்வை விளிம்பு உரசினால் அலறல்.
என் விரல் பட்டாலும்.
நடிக்கிறாரோ என்று ஒரு நாள் நினைத்தேன்,
ஒரே ஒரு நாள்.
வேறு எங்கும் சொன்னதில்லை.

கிர்கே சொன்னார்:
எலும்பை அரிப்பது கட்டி.
ஆனால் கேட்டுக் கேட்டுத்
தண்டுவடத்துக்குக் காது கூர்மையாகிவிட்டது,
கிசுகிசுப்பைக்கூடக் கூச்சலாக்கி மேலே அனுப்புகிறது.
மூளை 'போதும்' என்று கீழே சொல்லியனுப்ப வேண்டும்.
சில நாள் சொல்கிறது.
சில இரவு 'இன்னும்' என்கிறது.

எண்டெல் சிரித்தார், மாதக்கணக்கில் முதல்முறை.
"ஐம்பதில் ஓட்டுகிறது."
டாக்டருக்குப் புரியவில்லை.

மருந்துகள் தோற்றபின் ஊசி.
வலி வலப்பக்கம், ஊசி இடது காதுக்குக் கீழே.
செய்தி முதுகுக்குள்ளேயே பக்கம் மாறிவிடுமாம்.
மயக்கம் தரமாட்டார்கள், அவர் பதில் சொல்ல வேண்டும்.
மின்சாரம் துளித்துளியாய்.
"என்ன தெரிகிறது?"
"கையில் வெந்நீர்."
மயிரிழை நகர்ந்தது ஊசி.
"இப்போது?"
கண்ணாடிக்கு வெளியே நான் மூச்சு விடவில்லை.
"முழங்காலில். சௌனாக் கல்லில்
தண்ணீர் ஊற்றியதும் எழும் ஆவி மாதிரி."
"அங்கேதான்" என்றார் கிர்கே.
எண்பது டிகிரி, முப்பது நொடி.
நான் நாற்பத்தொன்று எண்ணிவிட்டேன்.

அன்றிரவு தொடையில் கை வைத்தேன்,
திருடியைப்போல.
அலறவில்லை.
"உன் கை, வைகே. தெரிகிறது.
சூடா, சில்லென்று இருக்கிறதா என்றுதான் தெரியவில்லை."

குளிக்கும் நீரை இனி என் முழங்கை பார்க்கும்.
ஒரு நாள் காபி கொட்டி வலது தொடை கொப்புளித்தது,
அவர் பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தார்.
நான் அழுதேன்.
பந்தயத்தில் ஜெயித்தவர் முகம் அவருக்கு.

பத்தொன்பதாம் நாள் இடது இடுப்பில் ஏதோ முனகியது.
அதுவும் முன்பிருந்தே இருந்ததாம்.
பெரிய கூச்சல் ஓய்ந்ததும்
மூளை அடுத்ததைக் கேட்கத் தொடங்கியது.
சின்னது. மாத்திரைக்கு அடங்குகிறது.
இப்போதைக்கு.

இந்தப் பிப்ரவரியில் கடல் உறையவில்லை.
சக்கர நாற்காலியைத் துறைமுகம்வரை தள்ளிப்போனேன்.
வலது கை உறையைக் கழற்றி
காற்றில் நீட்டி வைத்துக்கொண்டு,
பழக்கம்தான்,
பிறகு என்னைப் பார்த்தார்.
"எவ்வளவு?"
"மைனஸ் இரண்டு."
"போதாது" என்றார்,
உறையை மாட்டிவிடச் சொல்லிக் கையைக் கொடுத்தார்.