வலக்கைப் பக்கம் கடல்

கொலுசு ஒரு ஜோடி, திருகு போன தோடு.
அதே நெகிழிப் பையிலிருந்து உருண்டு வந்து
தராசுத் தட்டில் தானாக ஏறிக்கொண்டது.
"அது வேண்டாங்க, அது செல்லாக்காசு"
என்றார் சந்திரபாடி குமுதவல்லி.
படகு மோட்டாருக்கு இன்றைக்குள் பணம் கட்ட வேண்டும் அவருக்கு.

பதினொன்று புள்ளி இரண்டு கிராம்.
உரைகல்லில் வைக்கக் கை வரவில்லை.
விளிம்பு தேயவில்லை.
ஒரு படி உப்புக்கோ ஒரு கவுளி வெற்றிலைக்கோ
ஒருநாளும் கைமாறாத வெள்ளி.

லென்ஸைக் கண்ணில் செருகினேன்.
மூன்று பாய்மரம். கயிற்றேணியின் முடிச்சைக்கூட எண்ணலாம்.
கீழே அலைகள்.
நான்காவது அலையின் மடிப்பில்
கடுகளவு ஓர் உகரம்,
இடம் வலமாகப் புரண்டு.

பட்டமங்கலத் தெருவில் பதினெட்டு வருஷம்
அடகுக்கடைத் தராசு பிடித்தவனுக்கு
அச்சு வெட்டும் கணக்கு ஓரளவு தெரியும்.
எஃகில் எல்லாம் தலைகீழாக, இல்லை,
பக்கம் மாற்றி வெட்ட வேண்டும்.
ராஜாவின் பெயரைப் பின்னிருந்து முன்னாக,
வருஷத்தைக் கடைசி எண்ணிலிருந்து.
தினமார்க்கு எழுத்து ஒன்றும் புரியாமலே
பிசகின்றி வெட்டியவன்
தன் எழுத்தை மட்டும் நேராக வெட்டிவிட்டான்.

பிள்ளையார் சுழியா?
உமாபதி என்று வைத்துக்கொள்கிறேன்.
தரங்கம்பாடிக் கோட்டைக்குள் அச்சுக்கூடம்,
வடக்குப் பார்த்த பலகை,
வலக்கைப் பக்கம் கடல்.

கப்பலின் மூக்கு வலப்பக்கம் காட்டுகிறது.

இதற்குமேல் நான் சொல்வதற்குச் சாட்சி கிடையாது.
மாதிரிக்கு ஒன்று அடித்து மேசையில் வைத்திருப்பார்கள்.
துரை புரட்டிப் பார்த்திருப்பார்.
துபாஷி எச்சில் விழுங்கிச் சொல்லியிருப்பான்:
"போகிற கப்பலைக் காசில் போட்டால்
போனது போனதுதான் என்று கடைத்தெரு சிரிக்குமாம்.
வருகிற கப்பல் வேண்டுமாம்."
அச்சின் முகத்தில் உளியால் குறுக்கே இரண்டு கோடு.
கூலிக்கு அரை மரக்கால் அரிசி,
அதிலும் வண்டு.

பஞ்ச வருஷம் அது என்றும் வைத்துக்கொள்கிறேன்.
காவிரி கடலை எட்டாமல்
வாய்க்கால் சேற்றில் நண்டு வெந்த வருஷம்.
ஒரு கலம் நெல்லுக்குத் தங்களை எழுதிக் கொடுத்தவர்கள்
முதலில் படகு ஏறினார்கள், பிறகு கப்பல்.
அதில் அவன் தங்கை ஒருத்தி.
அவளுக்குப் பெயர் வைக்க
எனக்குத் துணிச்சல் இல்லை.

புரியாத எழுத்தில் தவறாத கை
பார்த்த கப்பலிலா தவறியிருக்கும்?
வெள்ளியில் அது போகிறது.
எஃகில் அவன் வெட்டியது,
மூன்று வாரம் மூச்சு படும் தூரத்தில் வைத்து
அவன் மட்டும் பார்த்தது,
கரைக்கு வந்துகொண்டிருந்தது.

"என்னங்க, வெள்ளிதானே?"

வெள்ளிதான் என்றேன்.
கும்பகோணத்தில் ஒருவர் இருக்கிறார்,
லட்சத்தில் பேசுவார், அவசரப்பட்டு
யாரிடமும் உருக்கக் கொடுத்துவிடாதீர்கள் என்றேன்.
கொலுசு ரசீதின் முதுகில்
அவர் போன் நம்பரை எழுதினேன்.
குமுதவல்லி ரசீதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
கொலுசுக்கு எவ்வளவு என்று கேட்டார்.

திருப்பித் தருவதற்குமுன்
கட்டைவிரல் சதையில் காசை அழுத்திப் பிடித்து
எடுத்தேன்.
உகரம் நேராக நின்றது.
மூக்கு இடப்பக்கம்.
ஏழெட்டு நொடி இருக்கும்.
பிறகு சதை மேலெழும்பி
முதலில் அலைகளை அழித்தது.