ஏழாம் கூண்டின் துபாஷி

ஆறு வாரத்தில் எழுதி முடித்தேன்.
ஒரே நிரல். யெர்கோவின் ஐபோனிலும் ஓடும்,
நெல்டாவின் விரிசல் விழுந்த ஆண்ட்ராய்டிலும் ஓடும்.
காஸ்த்ரோ அலுவலகத்தில் விறகடுப்பு கணகணக்க
சால்மன் பண்ணையின் பன்னிரண்டு கூண்டுகளும்
திரையில் பச்சையாய் மிதந்தன.
யெர்கோ கைதட்டினான்.
ஒரே கல்லில் இரண்டு மாங்காய்,
மாமரமே இல்லாத சிலோவே தீவில்.

கடலுக்குள் கட்டைவிரல் பருமனில் ஓர் உணரி.
தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனை எண்ணிக்
கம்பிவழி மேலே அனுப்பும்.
மிதவையின் தலையிலிருக்கும் பெட்டி
பத்து நொடிக்கொரு முறை
புளூடூத்தில் அதைச் சொல்லும்.
இரண்டே பைட்.
என் செயலிக்கு அந்த மொழி தெரியாது.
அது உலாவியின் வயிற்றில் பிறந்த பிள்ளை.
நடுவில் ஒரு துபாஷியை வைத்திருந்தேன்.
பெட்டி சொல்வதைக் கேட்பான்,
பெயர்ப்பான்,
ஜன்னல் வழியே உள்ளே நீட்டுவான்.
பகலில் அவனைக் குறையே சொல்ல முடியாது.

மார்ச் மாதம், காற்றசையாத ஓர் இரவு.
மிதக்கும் காவல்வீட்டில் நெல்டா பாரியா
போனை மழைக்கோட்டுப் பைக்குள் போட்டாள்.
திரை அணைந்தது.
போனுக்குள்ளும் ஒரு காவல்காரன் உண்டு,
பேட்டரிக்குக் காவல்.
சும்மா நிற்பவனெல்லாம் படு என்றான்.
துபாஷி படுத்துவிட்டான்.

ஆறு என்றது ஏழாம் கூண்டு.
ஐந்து.
நாலரை என்றது.
நாலு.
பைக்குள் இருந்த இருட்டிடம்
பத்து நொடிக்கொரு முறை சொன்னது.

சத்தம் கேட்டுத்தான் எழுந்தாளாம்.
மழை இல்லை, மழை போல ஒன்று:
ஆயிரம் வாய்கள் மேலே வந்து
காற்றைக் கடிக்கும் சத்தம்.
ஓடிப்போய்க் காற்றூதியைக் கையாலே முடுக்கினாள்.
விடிந்ததும் எனக்கொரு படம் வந்தது.
பிளாஸ்டிக் தட்டில் முப்பத்தொரு மீன்கள், வரிசையாக.
கீழே ஒரு சொல்லும் இல்லை.

யெர்கோ கணக்குத் தாளை விரித்தான்.
நேட்டிவ் என்றால் இரண்டு செயலி,
இரண்டு மடங்கு நாள், இரண்டு மடங்கு பிழை,
ஆண்டுதோறும் போன்காரர்கள் கதவை மாற்ற
இரண்டு பூட்டுக்கும் சாவி தேய்க்க வேண்டும்.
அவன் சொன்னதில் தப்பில்லை.
ஹைபிரிட்டைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற
எனக்கும் மனமில்லை.
அந்த வளைகோடுகள் அழகானவை, சத்தியமாக.

படகேறிப் போனேன்.
நெல்டா மாத்தே இலையில் வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.
எது வேண்டும் என்று கேட்டேன்.
கையுறையைக் கழற்றாமல் திரையைத் தொட்டுக் காட்டினாள்.
திரை அவளைக் கண்டுகொள்ளவில்லை.
"படமெல்லாம் யெர்கோவுக்குக் கொடு.
ராத்திரி நான் தண்ணியைப் பார்ப்பேனா,
இதைப் பார்ப்பேனா?
எனக்கு இது கத்தினால் போதும்.
ஆனால் கத்த வேண்டும்."

வளைகோடு, வாராந்தர அறிக்கை, பச்சை நிறம்
எல்லாம் ஹைபிரிட்டிலேயே இருக்கட்டும் என்று விட்டேன்.
கேட்பதை மட்டும்
அந்தப் போனின் சொந்த மொழியில்,
ஆண்ட்ராய்டுக்கு மட்டும்,
படுக்கச் சொன்னாலும் படுக்காதபடி எழுதினேன்.
ஓர் எண், ஒரு பொத்தான், ஓர் ஓலம்.
பதினெட்டு நாள் பிடித்தது.
நாலு நாளுக்குக் காசு வந்தது.
நாளை ஐபோனோடு ஒரு காவலர் வேலைக்கு வந்தால்
என்ன செய்வேன்?
தெரியாது.

ஏப்ரலில், அதிகாலை மூன்று இருபதுக்கு
நெல்டா அழைத்தாள்.
ஏழாம் கூண்டின் கம்பியைக்
கடல்சிங்கம் ஒன்று கடித்து அறுத்திருக்கிறது.
அறுந்த கம்பி பூஜ்யம் என்று சொல்ல,
பைக்குள்ளிருந்து அது அலறிய அலறலில்
சுடச்சுட மாத்தே முழுதும் அவள் மடியில்.
என் அப்பனில் தொடங்கி
ஏழு தலைமுறையும் அவள் வாயில் வந்து போயின.
அவளுக்குப் பின்னால்
அது இன்னும் கத்திக்கொண்டிருந்தது.

நிறுத்த
பொத்தானை எத்தனை நொடி அழுத்த வேண்டுமென்று
உடனே சொல்லியிருக்கலாம்.
போனைக் காதோடு வைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் சும்மா படுத்திருந்தேன்.